கடல் கடந்த ஊழியமும் ஒரு விண்ணப்பத் தாளும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் விண்ணப்பம் எழுதாத வீடு ஒன்றும் இராது. ரயில்வே வேலைக்கு, மத்திய சர்க்கார் அலுவலுக்கு, வங்கிக்கு, கம்பெனிக்கு என்று யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் ஒரு தாளை நிரப்பி ஒப்பமிட்டதன் பயனாகவே நாம் இன்று காவிரிக்கும் தாமிரபரணிக்கும் நெடுந்தொலைவில் குடியிருக்கின்றோம். எழுதியவர் ஒருவர், ரயிலேறியவர் பலர். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வதும் ஒரு விண்ணப்பத்தைப் பற்றிய செய்தியே. ஆயினும் அது சம்பளத்தை நாடி எழுதப்பெற்றதன்று. திருச்சபையின் சார்பில் அயல்நாடு சென்று ஊழியம் புரிய விழைந்தோர் எழுதியது. சமயப் பிரசாரம் நன்றோ தீதோ என்னும் வழக்கை நாம் இங்கு எடுக்கப் போவதில்லை. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உள்ளனர். அவ்வழக்கு அவரவர் உள்ளத்தில் தீர்த்துக்கொள்ளத் தக்கது. ஒருவர் தம்மை அனுப்புமாறு ஒரு சபையை வேண்டியபொழுது அச்சபை அவரிடம் எவற்றைக் கேட்டது, அவர் எவற்றை ஒப்புக்கொடுத்தார், அவருடைய மனைவியும் மக்களும் அதில் எங்கே நின்றனர் என்பனவற்றையே காண முற்படுகின்றோம்.

உலகில் இத்தகைய சபைகள் பல. அவற்றுள் ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் பாசல் நகரில் 1815-ஆம் ஆண்டில் தோன்றிய பாசல் மிஷனை நாம் தெரிந்துகொண்டோம். காரணம் உண்டு. மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர் நம்மில் பலர். 1865-இல் அந்த ஓட்டுத் தொழிற்சாலையை மங்களூரில் தொடங்கியவர்கள் இம்மிஷனைச் சேர்ந்தவர்களே. மலையாளத்திற்குப் பேரகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட்டும், கன்னடத்திற்கு அகராதி தந்த பெர்டினாண்டு கிட்டலும் இம்மிஷனின் ஊழியர்கள். நம் நீலகிரியில் கேத்தி என்னும் ஊரில் 1846 முதல் படகர் மக்களிடையே பணி செய்தவர்களும் இவர்களே. இன்னொரு காரணமும் உண்டு. பாசல் மிஷனார் எதையும் எழுதி வைக்காமல் விட்டவர்கள் அல்லர். விண்ணப்பங்கள், கடிதங்கள், கண்டனங்கள், மன்னிப்புக் கோரல்கள் ஆகிய யாவும் பாசல் நகரத்து ஆவணச் சாலையில் இன்றும் கட்டுக்கட்டாக உள்ளன. ஆராய்ச்சியாளர் படித்து வருகின்றனர்.

இனி, விண்ணப்பித்தவர் யார்? பெரும்பாலோர் ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள வூர்ட்டம்பர்க் நாட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்த இளைஞர்கள். குடியானவர் மக்கள், நெசவாளர், செருப்புத் தைப்பவர், தச்சர், ரொட்டி சுடுபவர். பல்கலைக்கழகத்துப் படிப்பு அவர்களுக்கு எட்டாக் கனி. அவர்களைத் தெரிந்தெடுத்த கமிட்டியாரோ பாசல் நகரத்துப் பழங்குடிச் செல்வர்களும் குருமார்களும் ஆவர். அவர்கள் ஊதியமின்றி அவ்வேலையைச் செய்தார்கள். இளைஞன் முதலில் தன் வாழ்க்கை வரலாற்றைத் தன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். எங்கே பிறந்தான், எவ்வாறு வளர்ந்தான் என்பதோடு நின்றுவிட முடியாது. எப்பொழுது மனம் திரும்பினான், இவ்வழைப்பு உள்ளத்தில் எவ்வாறு எழுந்தது என்பதையும் அது சொல்லவேண்டும். உள்ளூர்க் குருவின் நற்சான்று வேண்டும். உடல்நலத்திற்குச் சான்று வேண்டும். பெற்றோர் சம்மதம் வேண்டும். விண்ணப்பிப்பவன் மணமாகாதவனாய் இருத்தல் வேண்டும்.

தன் கைப்பட எழுத வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. ஏர் பிடித்த கைக்கு எழுத்தாணி எளிதில் வசப்படாது. எழுத்துப் பிழை எத்தனை, மொழி நடை எவ்வாறு, பணிவு உண்மையா பாவனையா என்பனவெல்லாம் அந்தத் தாளிலேயே கமிட்டியாருக்குத் தெரிந்துவிடும். இன்று கம்பெனிகள் கேட்கும் ஒரு பக்கக் குறிப்பைக் கூடப் பிறரைக் கொண்டு எழுதுவித்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

தேறியவர்கள் பாசல் நகரத்துச் செமினரியில் சேர்க்கப்பெற்றனர். அது 1816-இல் திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் குறுகியதாய் இருந்த படிப்பு பிற்காலத்தில் ஐந்து, ஆறு ஆண்டுகள் வரை நீண்டது. கட்டணம் இல்லை. உணவும் உறையுளும் மிஷனுடையவை. ஒரு நெசவாளன் மகன் கிரேக்கமும் எபிரேயமும் கற்றான். அவனுடைய ஊரில் அவன் தலைமுறையில் வேறெவருக்கும் கிடைக்காத பேறு அது. ஆகவே இவ்விண்ணப்பம் பக்தியினால் மட்டும் எழுதப்பெற்றது என்பதற்கில்லை. பக்தியும் இருந்தது, ஏற்றமும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் உறைவது இயல்பே. இதனைக் குறை என்று நாம் கருதவில்லை. செமினரிக்குத் தலைவராய் இருந்தவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பெயருக்கேற்பவே அவர் கண் எங்கும் இருந்தது. மாணவர் ஒருவரையொருவர் கண்காணித்து, குறைகண்டால் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அங்கு ஒரு விதி. படிப்பின் இடையிலேயே விலக்கப்பெற்றவர் பலர்.

படிப்பு முடிந்ததும் எந்நாட்டிற்குப் போவது என்பதைக் கமிட்டியே தீர்மானித்தது. விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு அவர்களுடையது. நாடு என்றால் ஏதோ மாற்றல் உத்தரவு என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் அஃது உயிரையே தீர்மானிப்பது. 1828 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் பொற்கரைக்கு, அதாவது இன்றைய கானா நாட்டிற்கு, பாசல் மிஷன் நால்வரை அனுப்பியது. ஓராண்டு நிறைவதற்குள் மூவர் காய்ச்சலுக்கு இரையாயினர். நான்காமவர் 1831-இல் மடிந்தார். மறு ஆண்டில் மீண்டும் மூவர் போயினர். அவர்களுள் இருவர் விரைவில் இறந்தனர். ஆந்திரேயாஸ் ரீஸ் என்பவர் ஒருவரே எஞ்சினார். இந்தியாவிற்கு 1834-இல் அனுப்பப்பெற்ற ஹெபிக், லேனர், கிரைனர் என்னும் மூவரும் மங்களூரில் பணியைத் தொடங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1833-ஆம் ஆண்டுச் சாசனம் ஆங்கிலேயரல்லாத மிஷனரிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டதால் அவர்கள் வர இயன்றது. பொற்கரையா மங்களூரா என்பதைக் குறித்த பேனா பாசல் நகரத்து மேசையின்மேல் இருந்தது.

இவ்விடத்தில் வேறொரு வகை விண்ணப்பக்காரரை நேயர்கட்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றோம். பொற்கரையில் ஐரோப்பியர் தொடர்ந்து மடிவதைக் கண்ட மிஷனார், அத்தட்பவெப்பத்தைத் தாங்கக் கூடியவர் என்று கருதி, மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த ஆப்பிரிக்க வழியினரான கிறிஸ்தவர்களை நாடினர். ரீஸ் முதலானோர் ஜமெய்க்காத் தீவிற்குச் சென்று ஆட்களைத் தேடினர். 1843 ஏப்ரலில் இருபத்து நால்வர் குடும்பங்களாய்ப் பொற்கரையில் வந்திறங்கினர். ஆங்கிலேயரின் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அப்பொழுது பத்தாண்டும் ஆகவில்லை. இவர்கள் வெறுங்கையை நீட்டி வரவில்லை; ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தார்கள். வீடும் பயிரிட நிலமும் தருதல் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் திரும்ப விரும்பினால், ஒழுக்கக் குற்றமின்றி இருந்தவர்களுக்கு மிஷனே வழிச்செலவு கொடுத்தல் வேண்டும். வூர்ட்டம்பர்க்கு இளைஞர்கள் காலவரையறையின்றித் தம்மை ஒப்படைத்தார்கள். அடிமைத்தளையின் நினைவு மாறாத குடும்பங்களோ காலத்தையும் கூலியையும் திரும்பும் வழியையும் தாளில் வாங்கிக்கொண்ட பிறகே கப்பலேறினர். இவர்களுடைய பக்தி அவர்களுடையதினும் குறைந்தது என்று நாம் சொல்லமாட்டோம். தம் உடலும் காலமும் பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை இவர்கள் நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் பாசல் நகரத்து இளைஞர்களிடம் வருவோம். மணமாகாதவராய்ப் போகவேண்டும் என்று கண்டோம். போன இடத்தில் இரண்டு ஆண்டுகள் பணி செய்து மொழியும் கற்றபின், மணம் செய்துகொள்ள அனுமதி வேண்டிக் கமிட்டிக்கு எழுதலாம். அஃது இரண்டாவது விண்ணப்பம். கமிட்டி இசைந்தால், பெண்ணைப் பற்றியும் கமிட்டியே விசாரிக்கும். ஊழியர் ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அவளுடைய குடும்பம், உடல்நலம், பக்தி ஆகியவற்றை ஆராயும். பெயர் சொல்ல இயலாதவர்க்குப் பெண்ணையும் தேடித் தரும். இவ்வாறு மங்களூருக்கும் தலச்சேரிக்கும் ஆக்ராவிற்கும்—இங்கு ஆக்ரா என்றது பொற்கரைத் தலைநகரை. தில்லி அன்பர்கள் மயங்க வேண்டா—மணப்பெண்கள் கப்பலேறி வந்தனர். மணமகனை முன்பின் காணாதவர்களும், சிறு வயதில் ஒருமுறை மட்டும் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். வந்திறங்கிய சில நாள்களில் திருமணம் நடந்தேறும்.

இதைப் படித்து நகைக்கும் உரிமை நமக்கு உண்டா என்பது ஐயமே. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்த மணமகனின் நிழற்படத்தை மட்டும் கண்டு, மாம்பலத்திலிருந்தோ மாயூரத்திலிருந்தோ மூன்று நாள் ரயிலில் வந்த மணப்பெண்கள் நம் முந்தைய தலைமுறையில் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் சொல்லலாம். நம் பக்கத்தில் பெண்ணை ஆராய்ந்தவர்கள் உறவினர். அவர்கள் பின்னர் வந்து பார்க்கவும், தவறு நேர்ந்தால் கேட்கவும் கடமைப்பட்டவர்கள். கமிட்டியாரோ கடிதத்தில் மட்டும் கேட்டனர். விதியை மீறியவர்களும் இல்லாமலில்லை. ஜோஹன்னஸ் ஸிம்மர்மன் என்பவர் 1851-இல் பொற்கரையில், கமிட்டியின் அனுமதியைப் பெறாமல், காதரின் மல்கிரேவ் என்னும் ஆசிரியையை மணந்தார். அவ்வம்மையார் ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜமெய்க்காவில் வளர்ந்து, மேற்கூறிய இருபத்து நால்வருடன் திரும்பி வந்தவர். கமிட்டி பெரிதும் சினந்தது. ஆயினும் அவரை இழக்கவும் மனமின்றி வைத்துக்கொண்டது. கா மொழிக்கு 1858-இல் இலக்கணம் வெளியிட்டவர் அவரே.

இனி நாம் கூறப் போவதுதான் இவ்விண்ணப்பத்தின் மிகக் கடுமையான பகுதி. ஆனால் அஃது அந்தத் தாளில் இல்லை. இருபது வயது இளைஞன் தன் கைப்பட வரலாறு எழுதியபொழுது அவனுக்கு மக்கள் இல்லை, மனைவியே இல்லை. ஆகவே பிறவாத பிள்ளைகளைப் பற்றி அவன் ஒன்றும் எண்ணியிருக்க மாட்டான். பின்னர்ப் பிள்ளைகள் பிறந்தன. ஏறத்தாழ ஆறு வயது எய்தியதும் அவர்களை ஐரோப்பாவிற்கு அனுப்பிவிட வேண்டும் என்பது வழக்கமாய் இருந்து பின் விதியாயிற்று. வெப்பநாட்டு நோய்கள் ஒரு காரணம். கல்வி ஒரு காரணம். உள்ளூர்ப் பிள்ளைகளோடு கலந்து உள்ளூர் வழக்கங்களைப் பழகிவிடுவார்கள் என்னும் அச்சம் பிறிதொரு காரணம். இந்த மூன்றாவதைச் சொல்லும்பொழுது அவர்களுடைய கடிதங்களில் நோயைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் மிகுந்த பதற்றம் தெரிவதுண்டு. யாருக்காக வீட்டையும் நாட்டையும் துறந்து வந்தார்களோ, அவர்களுடைய பிள்ளைகளோடு தம் பிள்ளைகள் விளையாடுவதை அஞ்சினார்கள். அம்முரண்பாட்டை அவர்களிற் சிலர் உணர்ந்தும் இருந்தனர்.

1853-இல் பாசல் நகரில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் ஏற்பட்டது. இன்ஸ்பெக்டராய் இருந்த ஜோசப் யோசன்ஹான்ஸ் இந்தியாவிற்கு வந்து நேரில் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பின் அது நிறுவப்பெற்றது. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி. உடையும் உணவும் படிப்பும் குறைவின்றி இருந்தன. ஸூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கும்வரை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பற்பயணம் மாதக்கணக்கில் ஆயிற்று. கடிதம் எழுதினால் மறுமொழி வருவதற்குள் பிள்ளைக்கு ஒரு பல் விழுந்து மறு பல் முளைத்திருக்கும். பெற்றோர் விடுப்பில் வருவதற்குப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆனதுண்டு. ஆறு வயதில் பிரிந்த பிள்ளை பதினாறு வயதில் துறைமுகத்தில் வந்து நிற்கும். தாய்க்குப் பிள்ளையை அடையாளம் தெரியாது. பிள்ளை தாயின் மொழியை மட்டும் அறியும்.

குண்டர்ட் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். குண்டர்ட் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவர் பாசல் செமினரி வழியாக வந்தவரல்லர். ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் 1836-இல் சென்னையில் வந்திறங்கினார். முதலில் பழகியது நம் தமிழையே. திருநெல்வேலிச் சீமையிலும் சித்தூரிலும் இருந்தார். 1838-இல், உடன் கப்பலில் வந்த ஜூலி டூபுவா அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே பாசல் மிஷனில் சேர்ந்தார். மறு ஆண்டு தலச்சேரியில் இல்லிக்குன்று பங்களாவில் குடியேறினார். அங்கே 1842-இல் மேரி என்னும் மகள் பிறந்தாள். குண்டர்ட்டுக்கு உடல்நலம் குன்றியதால் குடும்பம் ஐரோப்பா சென்றது. பெற்றோர் இந்தியாவிற்குத் திரும்பியபொழுது மேரி உடன் வரவில்லை. அப்பொழுது அவளுக்கு வயது நான்கு. மீண்டும் பெற்றோரிடம் அவள் வந்து சேர்ந்த ஆண்டு 1857, வயது பதினைந்து.

அந்தப் பத்து ஆண்டுகளில் தந்தை மலையாள இலக்கணம் எழுதினார், பத்திரிகை நடத்தினார், மலபார் எங்கும் சுற்றிச் சொற்களைத் தொகுத்தார். 1872-இல் வெளிவந்த அவ்வகராதிக்குக் கேரள மக்கள் இன்றும் நன்றி பாராட்டுகின்றனர், அது தக்கதே. அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மேரியின் ஒரு நாளை எழுதிப் பார்ப்பது அறிஞர்க்கு அழகன்று என்று சிலர் கூறலாம். தாய்மார்கள் அவ்வாறு கூறமாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

மேரி பின்னர்த் தாமும் மிஷனரி ஒருவரை மணந்து, அவர் இறந்தபின், 1874-இல் ஜோஹன்னஸ் ஹெஸ்ஸே என்பவரை மறுமணம் புரிந்தார். இந்த ஹெஸ்ஸே பாசல் மிஷனுக்கு விண்ணப்பித்து 1869-இல் மங்களூர் வந்தவர். வெப்பம் ஒத்துக்கொள்ளாமல் 1873-இல் திரும்பியவர். இவர்களுடைய மகனே 1946-இல் நோபெல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸே. அடங்காத பிள்ளை என்று அவரையும் சிறு வயதில் பாசல் மிஷனின் சிறுவர் இல்லத்தில் சிலகாலம் விட்டிருந்தனர். 'சித்தார்த்தா' என்னும் அவர் நாவலை நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கின்றனர். அந்த இந்தியா நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. தலச்சேரியில் பிறந்த தாயும் மலையாளம் அறிந்த பாட்டனாரும் வாழ்ந்த வீட்டிலிருந்து வந்தது.

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் துயரத்தைக் குறைக்க வேறு சபையார் வேறு வழி கண்டனர். நம் மலைகளே அவ்வழி. கொடைக்கானலில் 1901-இல் தொடங்கி இன்று பன்னாட்டுப் பள்ளியாய் விளங்கும் பள்ளி, தொடக்கத்தில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. நீலகிரியில் ஹெப்ரான் பள்ளி 1899-இல் அவ்வாறே தோன்றியது. கோடையில் தாயார் மலையேறி வந்து சில மாதம் பிள்ளையோடு தங்கலாம். இவையும் பிரிவுதாம், ஆயினும் ரயில் போகும் தொலைவிலுள்ள பிரிவு. தஞ்சையிலும் நெல்லையிலும் பாட்டி வீட்டில் பிள்ளைகளை விட்டுவைத்து வடநாட்டில் வேலை பார்த்த நம் குடும்பங்களுக்கு இதன் அளவு தெரியும்.

விண்ணப்பம் மறுக்கப்பெற்றவர்களைப் பற்றியும் இரண்டொரு சொல். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் லிவிங்ஸ்டன் 1838-இல் லண்டன் மிஷனாரால் சோதனைக் காலத்தில் வைக்கப்பெற்றபொழுது, ஒரு சிற்றூர்க் கோயிலில் பிரசங்கம் முழுவதையும் மறந்து நின்றுவிட்டார். அவரை விலக்கிவிடவே பார்த்தனர். அவர் விரும்பிய சீன நாடு அபினி யுத்தத்தால் அடைபட்டதால் ஆப்பிரிக்கா போனார். ஆமி கார்மைக்கேல் அம்மையாரைச் சீனாவிற்கு அனுப்ப உடல்நலம் போதாதென்று தடுத்தனர். அவர் ஜப்பான் போய்த் திரும்பி, 1895-இல் இந்தியா வந்து, நெல்லைச் சீமையின் டோனாவூரில் நிலைத்து, ஒருமுறையும் தாய்நாடு மீளாமல் 1951-இல் மறைந்தார். கிளாடிஸ் அய்ல்வர்டு என்னும் வேலைக்காரப் பெண்ணைப் படிப்பு வராது என்று சீன மிஷனார் அனுப்பிவிட்டனர். அவர் கூலிப் பணத்தைச் சேர்த்து 1932-இல் ஸைபீரியா வழியே சீனா போய்ச் சேர்ந்தார். இக்கதைகளைக் கேட்கும் இளைஞர்கள், கமிட்டி வேண்டாமென்றால் அதுவே தெய்வ சம்மதம் என்று எண்ணிவிடுகின்றனர். மறுக்கப்பெற்று ஊரிலேயே இருந்து நெடுநாள் நன்றாக வாழ்ந்தவர்களுக்கு எவரும் வரலாறு எழுதுவதில்லை. பொற்கரைக் கல்லறைகளில் கிடப்பவர்கள் யாவரும் விண்ணப்பம் ஏற்கப்பெற்றவர்கள்.

தமிழர் அனுப்பப்பெற்றவராய் மட்டுமன்றி அனுப்பியவராயும் இருந்துள்ளனர். திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் 1903-இல் பாளையங்கோட்டையில், அயல்நாட்டார் பணத்தையும் தலைமையையும் நாடாமல், தமிழராலேயே நிறுவப்பெற்றது. மறு ஆண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. சங்கத்தை நிறுவியவருள் ஒருவரான வே. ச. அசரியா, பிறரை அனுப்பிய பின் 1909-இல் தாமே அங்குச் சென்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்பானார். கடல் கடக்கவில்லை, மொழி கடந்தார். வடக்கே குடியேறிய நமக்கு அதன் அருமை விளங்கும். 1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர், அயல்நாட்டு மிஷனரிகள் எத்துணைத் தியாகம் செய்தாலும் இந்தியரோடு நண்பராய்ப் பழகவில்லை என்று வெளிப்படையாய் எடுத்துரைத்து அவையோரைத் திடுக்கிட வைத்தார். பிள்ளைகளைப் பிரித்தனுப்பிய அந்த அச்சமும் இந்த நட்பின்மையும் ஒரே வேரினின்று முளைத்தவை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இன்று இத்தாள்கள் எவ்வாறு உள்ளன? சீன மிஷன் 1951-இல் தலைமை நிலையத்தைச் ஸிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டு, 1965 முதல் ஆசிய நாட்டாரையும் ஊழியராய் ஏற்று வருகின்றது. லண்டன் மிஷனின் வழிவந்த உலக மிஷன் கவுன்சில் 1977-இல் தோன்றியது. அதில் தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பாய் அமைந்து, ஒரு நாட்டுச் சபை மறு நாட்டுச் சபைக்கு ஆள் அனுப்பவும் பெறவும் வழி வகுத்தது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கின்றனர். போதகர் கடிதமும், உடற்பரிசோதனையும், பிறர் தரும் நற்சான்றும் அன்றுபோல் இன்றும் உண்டு. அவற்றோடு சர்க்கார் தாள்கள் சேர்ந்துகொண்டன. பாஸ்போர்ட்டு அலுவலகம் தரும் போலீஸ் சான்று. கல்விச் சான்றுகளுக்கு வெளிவிவகார அமைச்சின் அப்போஸ்டில் முத்திரை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்கு மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. இவ்வூசிச் சான்று முன்பு பத்து ஆண்டுகளுக்கே செல்லும். 2016 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

ஊழியத்திற்கென்றே பல நாடுகள் தனி விசா வைத்துள்ளன. உல்லாசப் பயணியின் விசாவில் போய்ப் பிரசங்கம் செய்யலாம் என்று சொல்பவர் சொல்லட்டும். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பெறுபவர் நம் பிள்ளை. இந்தியாவும் தன்னிடம் வரும் அயல்நாட்டு மிஷனரிகளிடம் தனி விசாவையே கேட்கின்றது. அமெரிக்காவின் சமய ஊழியர் விசாவிற்கு, விண்ணப்பிப்பவர் முன்னிரண்டு ஆண்டுகளாவது அச்சபைப் பிரிவின் உறுப்பினராய் இருந்திருத்தல் வேண்டும். அனுமதி முதலில் முப்பது மாதம் வரை, மொத்தம் ஐந்து ஆண்டுக்கு மேற்படாது. அவருடைய மனைவியோ கணவரோ உடன் போகலாம், படிக்கலாம். ஆனால் ஊதியம் பெறும் எவ்வேலையும் செய்யலாகாது. இங்கே ஆசிரியையாகவோ செவிலியாகவோ பத்தாண்டு வேலை பார்த்த ஒரு பெண், கணவருடைய அழைப்பின் பொருட்டு அங்கே ஐந்தாண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேரும். அழைப்பு கணவருக்கு வந்தது என்கின்றனர். வேலையை விட்டவர் மனைவி.

பல சங்கங்கள் இன்று கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே விண்ணப்பம் பெறுகின்றன. அது நல்ல மாறுதல். ஆயினும் வீட்டில் பெரியவர்கள் அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் படிக்க வேண்டும். ஊதியம் உறுதியா, அன்றி நண்பர்கள் அனுப்பும் காணிக்கையே ஊதியமா? சில சங்கங்களில் பின்னதே முறை. அது மறைக்கப்படுவதில்லை, கேட்டால் சொல்வார்கள். நோயுற்றால் யார் செலவு? எத்தனை ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பலாம்? பாதியில் திரும்ப நேர்ந்தால் கப்பற்கூலி, இக்காலத்தில் விமானக்கூலி, யாருடையது? பிள்ளைகள் எம்மொழியில், எங்கே, யாரோடு இருந்து படிப்பார்கள்? இவற்றைக் கேட்பது பக்திக் குறைவு என்று யாரேனும் சொன்னால், 1843-இல் ஜமெய்க்காவிலிருந்து போனவர்களின் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டலாம்.

பதிலை வாய்மொழியாக அன்றி எழுத்தில் பெறுதல் வேண்டும். அதன் படி ஒன்று ஊரில் இருக்கும் பெற்றோரிடமும் இருக்கட்டும். ஆறு வயதை எட்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், அதனையும் அருகில் அமர்த்தி, நாட்டின் படத்தை விரித்துக் காட்டி, எங்கே போகப் போகின்றோம் என்று சொல்லிவிட்டு, அது கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிய பிறகு ஒப்பமிடலாம்.